அரை விரல் தள்ளி

நவம்பர் 6

டாக்டரம்மா இன்று அண்ணனின் வலது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், போன வருடம் வந்த புண் ஆறித் தழும்பாகிக் கிடக்கிறது.

"இந்த இடம் இன்னொரு தடவை திறந்தா முன்பாதத்தை எடுக்க வேண்டி வரும். அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது" என்றார்.

"எடுத்துட்டா காலுறை பாதி மிச்சம்லா" என்றான் அண்ணன். அவனைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. மதினி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் சுடலைமுத்து அரசு பஸ்ஸில் கண்டக்டர். நின்றே சாப்பிட்டு நின்றே வாழ்கிற வேலை. சர்க்கரை வந்து பாதம் இரண்டும் மரத்துவிட்டன. போன வருடப் புண் எப்படி வந்தது என்றால், பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஷூவுக்குள் விழுந்து, அதன் மேலேயே ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து கழற்றியபோதுதான் தெரிந்தது. சில்லறை இல்லை என்று பயணிகளோடு அன்றைக்குச் சண்டை வேறு போட்டிருக்கிறான்.

இதற்கு மருந்து ஒரு செருப்புதான். அந்த மேடு படுகிற இடத்தில் குழி வைத்து, அவன் பாதத்துக்கென்றே வெட்டிய ரப்பர் செருப்பு. ஆஸ்பத்திரியிலேயே செருப்பு அறை இருக்கிறது. ஆனால் வரிசை சித்திரை வரைக்கும் நிற்கிறது.

நவம்பர் 7

லேபில் செமஸ்டர் ரிக்கார்டு நோட்டு கையெழுத்து. பாலிடெக்னிக் பிள்ளைகள் ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதி, தப்பையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஒற்றுமை வாழ்க.

மத்தியானம் செருப்பு அறைக்குப் போனேன். ஆசீர்வாதம் என்பவர் பொறுப்பு. நோயாளியை மையிட்ட ரப்பர் ஷீட்டில் ஏற்றி நிறுத்தி, பாதத்தடத்தைத் தாளில் எடுக்கிறார். எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே மை கறுப்பாக விழும். அந்தத் தாளை ஸ்கேன் செய்து, மௌஸை வைத்துக்கொண்டு பாதத்தின் ஓரத்தையும் கறுப்பின் ஓரத்தையும் கையாலேயே வரைகிறார். வெட்டும் இயந்திரத்துக்குப் புள்ளிப்படம் புரியாது, கோடு வேண்டும். ஒரு ஜோடிக்கு அரை நாள் போகிறது. தானாக வரைந்து கொடுத்த மென்பொருளின் உரிமம் முடிந்துபோய் வருடமாகிறதாம்.

"எங்க அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் முன்னால…" என்று இழுத்தேன்.

"செய்யலாம் டீச்சர். ஆனா உங்க அண்ணன் சாரே ஒத்துக்கிட மாட்டேங்காரே. நேத்தே சொல்லிட்டுப் போயிட்டார், வரிசை வரட்டும்னு."

வீட்டில் கேட்டால், "கியூவுல வாங்கன்னு ஆயுசு பூரா தொண்டை கிழிய கத்துதவன் நான். நானே முண்டிக்கிட்டு ஏறவா?" என்கிறான். இந்த நேர்மையைக் காலில் போட்டுக்கொண்டு நடக்க முடியுமா? சரி. அவன் வரிசையைத் தாண்ட மாட்டான் என்றால் வரிசையை ஓட வைக்க வேண்டியதுதான்.

நவம்பர் 9

வெலினா என்று ஒரு மென்பொருள். உருகுவே நாட்டில் ரமிரோ என்பவர் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிறார். புள்ளிப்படத்தைக் கொடுத்தால் கோட்டுப்படம் தரும். ஒரு பாதத்தடத்தைக் கொடுத்துப் பார்த்தேன். வெளியோரம் ஒரு கோடு, கறுப்பைச் சுற்றி உள்ளே ஒரு வட்டம். கண்ணிமைக்கும் நேரம்தான்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் கண்டதை ஏற்றக்கூடாது என்று விதி. நாங்கள் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிற இலவச இயங்குதளம்தான் அங்கே ஓடுகிறது. அதன் அதிகாரபூர்வத் தொகுப்பில் இருந்தால் மட்டுமே ஏற்றலாம். வெலினா அந்தத் தொகுப்பில் இல்லை.

ரமிரோ கொடுத்திருப்பது அரிசி, பருப்பு, உப்பு. அதைச் சமைத்து, எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் ஒரே வரியில் இறங்குகிற மாதிரி இலை போட்டு வைப்பது என்னைப் போன்றவர்களின் வேலை. பேக்கேஜ் செய்வது என்போம். பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன். அண்ணன் ஊரெல்லாம், "எந் தங்கச்சி கம்ப்யூட்டர்ல பொட்டலம் மடிக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறான்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் புதுப் பதிப்பு. இந்த மாதக் கடைசியில் கதவை அடைக்கிறார்கள். அதற்குள் வெலினா உள்ளே போகாவிட்டால் அடுத்த பதிப்பு வரைக்கும் ஆசீர்வாதம் மௌஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நவம்பர் 15

காலைப் பார்த்தேன். தழும்பு நன்றாக இருக்கிறது.

தினமும் சாயந்தரம் அண்ணனின் இரண்டு பாதங்களையும் பார்ப்பது என் பொறுப்பு. மதினிக்குப் புண் என்றாலே தலை சுற்றும். மாடியில் இருக்கிற நான் இறங்கி வந்து, டார்ச்சும் கையுமாகக் கீழே உட்கார்ந்தால், "வந்துட்டாய்யா செக்கிங் இன்ஸ்பெக்டர்" என்று காலை நீட்டுவான்.

நவம்பர் 21

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை.

பேக்கேஜை அனுப்பினால் பலவகை இயந்திரங்களில் அது தானாகச் சமைக்கப்பட்டு, ரமிரோ எழுதி வைத்த சோதனைகளையும் தாண்ட வேண்டும். புது இயந்திரங்கள் எல்லாவற்றிலும் தாண்டிவிட்டது. பழைய வகைக் கணினியில் மட்டும் ஒரே ஒரு சோதனை தோற்கிறது. கிடைத்த கோடு வர வேண்டிய கோட்டிலிருந்து விலகியிருக்கிறதாம்.

பழைய வகையை விட்டுத் தள்ளிவிடலாம், உலகத்தில் யார் இப்போது அதை வைத்திருக்கிறார்கள்? செருப்பு அறையில் வைத்திருக்கிறார்கள். வெட்டும் இயந்திரத்தின் அட்டை அந்தக் கிழட்டுப் பெட்டியில்தான் பொருந்தும்.

ரமிரோவுக்கு மெயில் போட்டேன்.

நவம்பர் 24

பதில் இல்லை. இன்னொரு மெயில். ஸ்பானிஷிலும் ஒன்று, பிழையோடு.

அண்ணன் இன்று தென்காசி ட்ரிப். உட்காரவே இடமில்லையாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மதினி கேப்பைக் களி கிண்டினாள். "சக்கரைக்காரன் வீட்டுல கல்யாணமே நடந்தாலும் களிதான்" என்று சொல்லிக்கொண்டே தின்றான்.

நவம்பர் 27

நாளை மறுநாள் கதவடைப்பு. ரமிரோ செத்தாரா இருக்கிறாரா தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் இது ஒன்றும் புதுசில்லை. பழைய கணினிக்குள் இருக்கிற சில்லு கணக்குப் போடும்போது தசமப்புள்ளிக்குப் பின்னால் கூடுதல் இலக்கங்களை வைத்துக்கொள்ளும். அதனால் கடைசி இலக்கம் மாறும். எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இதற்காகச் சோதனைகள் தோற்பதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். நூறு தடவையும் கடைசி இலக்கம்தான்.

பழைய கணினி என்றால் இந்தச் சோதனையை ஓட்டாமலே விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். பக்கத்திலேயே, 'கடைசி இலக்க வித்தியாசம், பொருட்படுத்த வேண்டாம்' என்று காரணமும் எழுதி வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

சாயந்தரம் மேதாவிடமிருந்து மெயில். புனேக்காரி. என் பேக்கேஜ்களைச் சரிபார்த்து உள்ளே விடுபவள். ஒரே கேள்விதான் கேட்டிருந்தாள்: பழைய கணினியில் வருகிற படத்தைக் கண்ணால் பார்த்தாயா?

பார்த்தேன் என்று பதில் எழுதினேன். பார்த்த மாதிரிதான். பாதம் பாதமாகத்தான் வந்திருந்தது.

டிசம்பர் 1

வெலினா உள்ளே போய்விட்டது. என் பெயரோடு.

அண்ணனுக்குக் காட்டினேன். பொறுப்பாளர்: செண்பகவல்லி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தான். "உலகம் பூரா இத எறக்குதவன் எல்லாம் உம் பேரைப் பாப்பானாட்டி?" என்றான். பாப்பான் என்றேன். தெருவில் போன மீன்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினான்.

டிசம்பர் 8

செருப்பு அறையில் ஒரே வரியில் ஏற்றினேன். ஆசீர்வாதம் ஒரு பாதத்தடத்தைக் கொடுத்தார், கோடு வந்தது, இயந்திரம் ரப்பரை வெட்டியது. மனிதர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே எனக்கு என்ன டீச்சர் வேலை இங்க?"

"டீ குடிக்கலாம்."

வரிசை இனி வேகமாக நகரும். எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது.

டிசம்பர் 20

முறைப்படி வரிசையில் வந்தே அண்ணனுக்குச் செருப்பு கிடைத்துவிட்டது. கறுப்பு நிறம், பின்பட்டி வைத்தது. வலது செருப்பின் முன்பக்கம் ரப்பரில் வட்டமாக ஒரு குழி. உடுப்போடு போட்டுக்கொள்ள டெப்போவில் அனுமதி வாங்கிவிட்டான்.

முற்றத்தில் நடந்து காட்டச் சொன்னேன். நடந்தான்.

"எப்படி இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லணும்."

நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜனவரி 4

விடைத்தாள் கட்டு வந்திருக்கிறது. கால் பார்க்கிற வேலையை வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆக்கியாயிற்று. செருப்புதான் இருக்கிறதே. அவனும் "இன்ஸ்பெக்டருக்கு ரிட்டயர்மெண்டு" என்று சொல்லிவிட்டான்.

வாஷிங் மெஷின் என் மாடியில் இருப்பதால் எல்லார் துணியும் இங்கேதான். அண்ணனின் வலது காலுறையில் பெருவிரல் பக்கம் பழுப்பாக ஒரு கறை. பஸ் படிக்கட்டுத் துருவாக இருக்கும். இரண்டு தடவை கசக்கியும் போகவில்லை.

ஜனவரி 10

மதினி கூப்பிட்டாள். "ஏளா செண்பகம், செருப்பு வைக்கிற எடத்துல ஒரு வாடை வருது பாத்தியா? எலி கிலி செத்துக் கெடக்கோ என்னமோ."

அலமாரியை நகர்த்தி இரண்டு பேரும் தேடினோம். எலியைக் காணோம். சாம்பிராணி போட்டோம்.

இந்த வாரம் கால் பார்க்கவில்லை. அவன் வரும்போது நான் தூங்கிவிடுகிறேன்.

ஜனவரி 15

பொங்கல். அண்ணனுக்கு சிறப்புப் பஸ் டூட்டி, மூன்று நாளாக வீடு தங்கவில்லை. அவன் இல்லாத பொங்கல் பொங்கியது, நாங்கள் பார்த்தோம்.

ஜனவரி 19

ரமிரோ உயிரோடுதான் இருக்கிறார். மகள் வீட்டுக்குப் போயிருந்தாராம். சோதனை பற்றி, உள்வட்டம் பற்றி நீளமாக ஏதோ எழுதியிருக்கிறார். செய்முறைத் தேர்வு நேரம். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஜனவரி 23

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. மெயிலைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்? வீட்டில் ஒட்டடை அடித்தேன்.

ஜனவரி 28

அண்ணன் பஸ்ஸிலேயே நடுக்கம் வந்து விழுந்துவிட்டான். டிரைவர் பயணிகளோடேயே பஸ்ஸை ஆஸ்பத்திரிக்குத் திருப்பியிருக்கிறார்.

காலுறையைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். எலியின் வாடை என்னவென்று எனக்கும் மதினிக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவள் தலை சுற்றாமல் நேராக நின்று பார்த்தாள்.

டாக்டரம்மா செருப்பைக் கேட்டு வாங்கினார். குழிக்குள் ஒரு விரலை வைத்தார். இன்னொரு விரலைப் புண் இருந்த இடத்துக்கு நேரே, ரப்பரின் மேல் வைத்தார். இரண்டு விரலும் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை.

"குழி அரை விரல் தள்ளி இருக்கு. அதோட விளிம்புதான் தழும்பு மேல உக்காந்திருக்கு. ஒவ்வொரு எட்டுக்கும் வெட்டியிருக்கு" என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்து ரமிரோவின் மெயிலைத் திறந்தேன். அந்தச் சோதனையை ஓட்டாமல் விட வேண்டாம், அது கடைசி இலக்கம் அல்ல. வடிவத்துக்குள் வடிவம் இருந்தால் பழைய சில்லில் உள்வட்டம் இடம் நகர்ந்துவிடுகிறது, அதைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனையையே எழுதினேன். இதைத்தான் நீளமாக எழுதியிருந்தார். தயவுசெய்து என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தார்.

பழைய கணினியில் வந்த படத்தை அண்ணனின் பாதத்தடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். அப்படி வைத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. குழந்தைக்குக்கூடத் தெரியும், அவ்வளவு விலகல்.

அவன் காலை வெட்டிக்கொண்டிருந்தது நான். எனக்கு என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

ஜனவரி 29

மதினியிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

வார்டு வராந்தாவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு காலையிலிருந்து நிரலைத் தோண்டுகிறேன். தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடித்தாயிற்று. ஒரு எண்ணை இரண்டு தடவை சேமிக்கிற இடம். ரமிரோவும் அங்கிருந்து உதவுகிறார். திருத்தம் கையில் இல்லாமல் பிழையை வெளியே சொல்வது எங்களில் வழக்கமில்லை. முதலில் திருத்து, பிறகு அறிவி. சரியாகச் செய்ய வேண்டும். இந்தத் தடவையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

ஜனவரி 30

திருத்தம் கிட்டத்தட்டத் தயார். அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு குளுக்கோஸ் முடிந்து இன்னொன்று ஏறுகிறது. சிவப்பு கணுக்காலை நோக்கி ஏறுகிறதா என்று டாக்டரம்மா பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கோட்டைத் தாண்டினால் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டுமாம். மணிக்கொரு தடவை போய் அந்தக் கோட்டைப் பார்க்கிறேன்.

பழைய கணினியில் எல்லாச் சோதனையும் ஒரு தடவை ஓடி முடிக்க அரை நாளாகிறது. ஓடட்டும்.

ஜனவரி 31

அண்ணனுக்குக் காலையில் தெளிவு வந்தது. அவனிடமும் சொன்னேன். நான் சோதனையை முடக்கியது, மேதா கேட்டது, நான் பார்த்தேன் என்று பொய் எழுதியது எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன்.

"எனக்குப் போட்ட மாதிரி இன்னும் எத்தன பேருக்குப் போட்டாக?" என்றான்.

"குழி வச்சது மட்டும் ஒரு பத்துப் பன்னெண்டு பேருக்கு இருக்கும்ணே. நான் திருத்திட்டேன். இன்னைக்கி டெஸ்ட் முடிஞ்சதும்…"

"அவங்கல்லாம் இப்ப எது மேல நிக்காங்க?"

மூன்று நாள். மூன்று நாளாக நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தச் செருப்பைக் கழற்றுங்கள் என்று ஒருத்தருக்கும் சொல்லவில்லை. நிரல் திருந்தினால் ஏற்கனவே வெட்டிய ரப்பர் திருந்துமா? எந்த மடையனுக்கும் தெரிகிற விஷயம் எனக்குத் தெரியவில்லை.

செருப்பு அறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் ஆசீர்வாதம் பதிவேட்டை எடுத்து நடுவில் வைத்தார். அவர் ஒரு போனில், நான் ஒரு போனில். "செருப்பைக் கழட்டுங்க, இப்பவே கழட்டுங்க, காலைப் பாக்கச் சொல்லுங்க." ஒரு பெரியவருக்குத் தோல் கிழிந்திருக்கிறது, கிளம்பி வரச் சொன்னோம். மற்றவர்களுக்குச் சிவந்திருக்கிறது, சிலருக்கு ஒன்றுமில்லை. முக்கூடல் இசக்கியம்மாள் என்பவரின் நம்பர் மட்டும் எடுக்கவே இல்லை.

எங்கள் தளத்தில் பிழையறிக்கையும் போட்டேன். எவ்வளவு கடுமை என்று கேட்கும், ஆகக் கடைசிப் படியைத் தேர்ந்தெடுத்தேன். 'உடலுக்குக் கேடு விளைவிக்கிறது. பொறுப்பாளரே சோதனையை முடக்கினார். படத்தைப் பார்த்ததாகச் சொன்னது உண்மையல்ல.' மேதா உடனே வெலினாவைத் தொகுப்பிலிருந்து இறக்கினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 1

காலையில் முக்கூடல் பஸ். பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த தெரு. இசக்கியம்மாள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா தட்டை மடியில் வைத்தபடியே சொன்னார்.

"அவ திருச்செந்தூருக்கு நடந்து போயிருக்காம்மா. தைப்பூசம்லா. முந்தாநாளு கெளம்பிட்டாக. காலுல உணர்ச்சி இல்லேன்னு இத்தன வருசமா போகாம கெடந்தா. புதுச் செருப்பு வந்துட்டு, இனி எனக்கென்னன்னு போயிட்டா."

அந்தச் செருப்போடு. திருச்செந்தூர் வரைக்கும். போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் கூப்பிட்டதும் பூட்டிய கதவுக்குள் மணி அடிப்பது தெருவுக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால், சிவப்பு பேனாக் கோட்டைத் தொட்டுவிட்டது. நாளை காலை ஆபரேஷன். எங்கே வெட்டுவது என்று திறந்த பிறகுதான் சொல்ல முடியுமாம்.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முக்கூடலில் கேட்டதைச் சொன்னேன். நாளைக்கு நான் எங்கேயும் போகவில்லை என்றும் சொன்னேன்.

"இங்க உக்காந்து நீ என்ன செய்யப் போற? கத்தியவா பிடிக்கப் போற?" என்றான். "திருச்செந்தூருக்குக் காலம்பற மொத வண்டி அஞ்சே காலுக்கு. கண்டக்டர் பால்துரை. எம் பேரைச் சொல்லு, நடக்குதவங்களைப் பாத்த எடத்துல எறக்கி விடுவான்."

மதினி மூன்று நாளில் முதல் தடவையாக வாய் திறந்தாள். "உன்னையப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. போ. அந்தப் பொம்பளையாவது நல்லாருக்கட்டும்."

பிப்ரவரி 2

திருச்செந்தூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பால்துரை ஸ்ரீவைகுண்டத்தில் இறக்கிவிட்டார். சாலை முழுக்கப் பச்சை உடுத்தினவர்கள், காவடி, தலையில் பை, பாட்டு. முக்கூடல்காரர்கள் யார் யார் என்று கூட்டம் கூட்டமாகக் கேட்டேன். கூட்டத்தில் ஆளைத் தேடுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் எல்லார் காலையும் பார்த்துக்கொண்டு போனேன். வெறுங்கால், வெறுங்கால், வெறுங்கால். ஆழ்வார்திருநகரி தாண்டி அவர்கள் போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். ஒரு பால்வண்டியில் தொற்றிக்கொண்டேன். ஒன்பது மணிக்கு அண்ணனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்போது தென்திருப்பேரையில் ஒரு சர்பத் கடை வாசலில் நின்று, கறுப்புச் செருப்புப் போட்ட அம்மாளைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

குரும்பூருக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் செருப்பைப் பார்த்தேன். கறுப்பு, பின்பட்டி வைத்தது. பச்சைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. கூட்டத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு நடந்தார்.

"இசக்கியம்மாளா?"

"ஆமா. யாரு தாயி நீ?"

செருப்பு செய்கிற இடத்திலிருந்து வருகிறேன், அதில் தப்பு இருக்கிறது, உடனே கழற்ற வேண்டும் என்றேன். அவர் நடையை நிறுத்தவே இல்லை.

"தப்பா? என்ன தப்பு? மெத்தை மேல நடக்கது கணக்கா இருக்கு. மூணு நாளா ஒரு நோக்காடு இல்ல."

"நோகாதும்மா. உங்களுக்கு நோகாது. அதான் சொல்லுதேன்."

"அந்தா தெரியுது பாரு குரும்பூரு. இன்னும் ஒரு எட்டுதான். எம் மவளுக்குப் பிள்ள பொறந்தா நடந்தே வாறேன்னு முருகன்ட்ட நேந்தது. பிள்ளைக்கி நாலு வயசாவுது. காலு இப்பத்தான் வந்துது. கோயிலுக்குப் போயிட்டுக் கழட்டுதேன், போ."

நான் குறுக்கே போய் நின்றேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. அந்தச் செருப்பை வெட்டச் சொன்ன கணக்கு என்னுடையது, சரியா என்று பார்க்காமலே சரி என்று சொன்னவள் நான், என் அண்ணனும் இதையே போட்டுக்கொண்டு நடந்தான், இந்த நேரம் அவன் காலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அழுதேன். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

அப்போது மதினியின் போன் வந்தது.

"எடுத்துட்டாக" என்றாள். "முன்பக்கம் பூரா. குதிகால் தப்பிச்சுட்டு. கணுக்காலுக்கு மேல ஏறலையாம்." அடுத்து அவளே கேட்டாள்: "அந்தப் பொம்பள ஆப்புட்டாளா?"

"முன்னாலதான் நிக்காங்க மதினி."

"கழட்டச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

இசக்கியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாலையோரம் ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்து, இடது காலை என் பக்கம் நீட்டினார். "எனக்குக் குனிய ஒக்காது. நீயே பாரு."

பட்டியை அவிழ்த்தேன். குழியின் விளிம்பு பட்ட இடத்தில் ஒரு பெரிய நீர்க்கொப்புளம். பளபளவென்று, நெல்லிக்காய் அளவு. தோல் கிழியவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்தேன். கிழியவில்லை.

சொன்னேன். அவர் கும்பிட்டார், முருகனைத்தான். பிறகு குரும்பூர்ப் பக்கம் பார்த்தார். கண் கலங்கியது.

"இனி ஒரு எட்டுகூட வைக்கக்கூடாதா?"

"கூடாதும்மா."

கூட்டத்தின் சாப்பாட்டு வேன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அதில் ஏற்றிக் குரும்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஏறும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாக்கு பாதியில நிக்கக்கூடாது. மிச்சத்த நீ நட. முருகன்ட்ட சொல்லிக்கிடுதேன், என் காலுக்குப் பதிலா இவ காலு வருதுன்னு."

எனக்கு நேர்ச்சையிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சரிம்மா என்றேன்.

"செருப்போடவா நடப்ப?"

என்னுடையதைக் கழற்றி வேனில் போட்டேன். அவருடையதைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். குரும்பூர் தாண்டியதும் சாலை போடுகிற வேலை, ஓரமெல்லாம் ஜல்லி. வெயில் ஏறிவிட்டது. கொஞ்ச தூரத்திலேயே உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது, பிறகு கிழிந்தது. முன்னால் போனவர்கள் நடுச்சாலைக்கு வா என்றார்கள். நான் ஜல்லி மேலேயே நடந்தேன். ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.